பின்சக்கர இயக்கச் சிறு சரக்குந்துகளின் மழைக்காலப் பிடிப்பு

பிடிப்பு அல்லது இழுவைப் பிடிப்பு என்பது, ஓர் ஊர்தியின் இயங்கு சக்கரங்கள் தரையில் வழுக்காமல் அவ்வூர்தியை நகர்த்தக்கூடிய திறன் ஆகும். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் பொறியின் ஆற்றல் செல்லும் சிறு சரக்குந்துகளில், குறிப்பாகப் பின் சக்கரங்கள் இயக்கப்படுபவற்றில், சுமை இல்லாத வேளையில் இத்திறன் பெரிதும் குறைகிறது. குளிர் நாடுகளில் இது பனிக்காலச் சிக்கலாகும். பனியே பெய்யாத சென்னையிலும் அதன் புறநகர்களிலும் இதே சிக்கல் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போது தோன்றுகிறது. நான்கு சக்கர இயக்கம் உடைய ஊர்தி, ஒற்றை வண்டியைத் தவணையில் வாங்கிப் பிழைக்கும் ஓட்டுநருக்கு எட்டும் விலையில் கிடைப்பதில்லை. ஆகவே குறைந்த செலவில் எவை உண்மையில் பயன் தருகின்றன, எவை பயன் தருவதாகத் தோன்ற மட்டும் செய்கின்றன என்பதை அறிவது முக்கியமாகிறது.

ஊர்தியின் அமைப்பு

இந்தியாவில் சிறு சரக்குந்துகள் பெருமளவில் பரவியது 2005 மே மாதத்தில் டாட்டா ஏஸ் அறிமுகமான பின்னராகும். இந்தியில் 'சோட்டா ஹாத்தி' என்றும், தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்றும் இது வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இன்று எந்த நிறுவனத்தின் சிறு சரக்குந்தையும் குட்டி யானை என்றே அழைப்பவர் பலர். அசோக் லேலண்டின் தோஸ்த் (2011), மாருதி சுசுகியின் சூப்பர் கேரி (2016), மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் பெரும்பாலான வகைகள் ஆகியவையும் பின்சக்கர இயக்கம் கொண்டவையே.

இவற்றில் ஓட்டுநர் அறை முன்னால் உள்ளது. பொறி இருக்கைக்கு அடியிலோ அதற்கும் முன்னாலோ அமைந்திருக்கும். பின்னால் இருப்பது வெறும் தகரத் தொட்டியும், கமான் பட்டைகள் தாங்கும் பின் அச்சும் மட்டுமே. எனவே வெற்று வண்டியின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. ஆனால் வண்டியைத் தள்ள வேண்டியவை பின் சக்கரங்கள். சுமை ஏற்றியதும் நிலைமை தலைகீழாக மாறும். சுமையில் பெரும்பகுதி பின் அச்சின் மேல் அமர்வதால் பிடிப்பு கூடுகிறது. பாரம் ஏற்றிய வண்டியே சேற்றில் மாட்டும் என்ற பொது எண்ணம், நிலம் அமிழ்ந்துவிடும் அளவுக்கு மென்மையாக உள்ள இடத்தில் மட்டுமே சரியாகும். அடியில் கெட்டியாகவும் மேலே வழுக்கலாகவும் உள்ள தரையில் வெற்று வண்டியே முதலில் நிற்கும்.

பிடிப்பைக் கணக்கிடுதல்

ஒரு சக்கரம் தரையில் செலுத்தக்கூடிய உச்ச விசையைப் பின்வருமாறு எழுதலாம்:

இழுவிசை = உராய்வுக் கெழு × இயங்கு சக்கரங்களின் மேல் உள்ள எடை

உராய்வுக் கெழு உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.7 முதல் 0.9 வரையும், நனைந்த தார்ச்சாலையில் 0.4 முதல் 0.6 வரையும் இருக்கும். இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரையும், பனிக்கட்டியில் 0.1 அளவிலும் இருக்கும். சாலையின் மேல் பரவிய ஈரக் களிமண், பனிக்கு இணையான வழுக்கல் உடையது எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வெற்று வண்டியின் எடை 1000 கிலோ, அதில் பின் அச்சின் பங்கு 450 கிலோ, சேற்றின் உராய்வுக் கெழு 0.2 என்க. கிடைக்கும் இழுவிசை 90 கிலோ எடை. மென்மையான சேற்றில் சக்கரம் உருள்வதற்கு எழும் தடை வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அது 100 கிலோ. 90 என்பது 100ஐ விடக் குறைவு, வண்டி நகராது.

இப்போது பின் அச்சிற்கு நேர் மேலே 150 கிலோ மணல் மூட்டைகளை வைப்போம். பின் அச்சின் எடை 600 கிலோவாகி, இழுவிசை 120 ஆகிறது. ஆனால் மொத்த எடையும் 1150 ஆகிவிட்டதால் தடையும் 115 ஆகிறது. வண்டி நகரும், ஆனால் மிச்சம் 5 கிலோ மட்டுமே. மூட்டையே இல்லாமல், ஆழமான பட்டன் உள்ள டயரை மாட்டிக் கெழுவை 0.3 ஆக உயர்த்தினால் இழுவிசை 135, தடை 100, மிச்சம் 35. இரண்டையும் செய்தால் மிச்சம் 65. இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே. எனினும் பணத்தை முதலில் எங்கே செலவிட வேண்டும் என்பதை இவை தெளிவாகக் காட்டுகின்றன. எடையைக் கூட்டும்போது இழுவிசையுடன் தடையும் கூடுகிறது. டயரை மாற்றும்போது இழுவிசை மட்டும் கூடுகிறது.

மேற்குப் புறநகரின் மழைக்காலச் சாலை

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவிலானது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி வட்டாரம் முன்பு ஏரிப் பாசன வயல்கள் நிறைந்த பகுதி. வயல்கள் மனைகளாகி, வீடுகள் எழும்பி, உட்சாலைகள் பின்னரே வருவது இங்கு வழக்கம். வேலப்பன்சாவடிக்கு அருகிலுள்ள நூம்பல் போன்ற ஊர்களில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் செங்கல்லுடனோ காய்கறியுடனோ வரும் ஒரு சரக்குந்து, சில நூறு மீட்டர் தொலைவிற்குள் நெடுஞ்சாலை, உட்சாலை, குழாய்க்காகத் தோண்டி மூடிய மண், கட்டப்படும் வீட்டின் முன் உள்ள சேறு ஆகிய எல்லாவற்றையும் சந்திக்க நேரிடும். இவற்றுக்குத் தேவைப்படும் உத்திகள் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதைக் கீழே காணலாம்.

நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நிமிடங்கள் தனியாகக் குறிப்பிடத்தக்கவை. சாலையில் படிந்த எண்ணெய், தூசி, டயர்த் துகள் ஆகியவை சிறிது நீருடன் கலந்து பசையாகின்றன. தொடர்ந்து பெய்யும் மழை இவற்றைக் கழுவிவிடும். எனவே பெருமழையைவிடத் தூறல் சில வேளைகளில் கூடுதல் வழுக்கல் தரும். வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகள், தோண்டிய பள்ளங்களின் மேல் இடப்படும் இரும்புத் தகடுகள் ஆகியவை நனைந்தவுடன் பிடிப்பை இழக்கும்.

கோயம்பேடு மொத்தச் சந்தைக்கு (1996 முதல் இயங்குவது) விடியலுக்கு முன் காய்கறி எடுக்கச் செல்லும் வண்டிகள், போகும்போது வெறுமையாகவே போகின்றன. இருட்டு, மழை, வெற்றுத் தொட்டி, நேரத்தில் சேர வேண்டிய அவசரம் ஆகிய நான்கும் ஒரே பயணத்தில் கூடுகின்றன.

டயர்

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் டயருக்கும் பழைய உறவு உண்டு. அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் ஏற்பட்ட பெயர், தொழிற்சாலை மூடிய பின்னும் பேருந்து நிறுத்தத்தின் பெயராக நிலைத்துவிட்டது. டயரை உருளிப்பட்டை என்று எழுதுவோரும் உளர். இலங்கை வழக்கில் சக்கரம் சில்லு எனவும், டயர் ரயர் எனவும் வழங்கும்.

டயரின் மேற்பரப்பில் உள்ள மேடுகளையே பட்டறைகளில் பட்டன் என்கின்றனர். நனைந்த சாலையில் இவற்றின் வேலை, தரைக்கும் இரப்பருக்கும் இடையே உள்ள நீரை வெளியேற்றுவதாகும். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் குறுக்காக ஒரு சிறு மேடு வார்க்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து இம்மேட்டின் மட்டத்தை அடைந்தால் எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டர் மட்டுமே என்று பொருள். அது சட்டம் பொறுக்கும் கடைசி எல்லையாகும். மழைக்காலத்தில் அந்த எல்லை வரை காத்திருத்தல் கூடாது; 3 மில்லிமீட்டருக்குக் கீழே சென்றதுமே ஈரப் பிடிப்பு விரைவாக வீழ்கிறது.

இரண்டு டயர்கள் வாங்க மட்டுமே பணம் இருப்பின், அவற்றைப் பின் அச்சில் மாட்ட வேண்டும். பின் சக்கரங்கள் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும் என்பதே காரணம். முன் சக்கரங்கள் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். அதுவும் ஆபத்துதான், ஆயினும் வேகத்தைக் குறைத்து மீள வாய்ப்பு உண்டு. முன்னால் நீள்கோட்டுப் பள்ளங்கள் கொண்ட டயரும், பின்னால் குறுக்குப் பட்டன் கொண்ட டயரும் மாட்டும் வழக்கம் சேற்றுக்கும் பொருத்தமானது.

ரீட்ரெட் செய்த டயர் மலிவானது. முன் அச்சில் அதை மாட்டாமல், நம்பகமான பட்டறையில் செய்ததைப் பின் அச்சில் மட்டும் பயன்படுத்துவது முறை. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் டயர் வாங்குவோர், பட்டனின் ஆழத்தோடு அகவையையும் பார்த்தல் வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நீண்ட காலம் கிடந்த டயரில் பட்டன் முழுமையாக இருந்தாலும் இரப்பர் இறுகிப் போயிருக்கும். பார்வைக்குப் புதிதாகத் தோன்றுவதால் தேய்ந்த டயரை விட இதுவே ஏமாற்றக் கூடியது.

காற்றழுத்தம்

செலவே இல்லாத திருத்தம் இதுவாகும். ஓர் அழுத்தமானி மட்டும் தேவை.

டயர் தரையின் மேல் ஏற்படுத்தும் அழுத்தம், தோராயமாக அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்திற்குச் சமம். 30 பி.எஸ்.ஐ. காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. இதனை ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் உருவாகும் டி-90 பீரங்கி ஊர்தியுடன் ஒப்பிடலாம். 46 டன்னுக்கும் மேற்பட்ட அந்த ஊர்தி, அகன்ற சங்கிலித் தடங்களின் மேல் செல்வதால், தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவிற்கும் குறைவாகவே அழுத்துகிறது. குட்டி யானை புதையும் வயலில் பீரங்கி ஊர்தி புதையாமல் போவது இதனால்தான். மென்மையான சேற்றிலோ மணலிலோ டயரின் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் அழுத்தம் சுமார் 1.3 கிலோவாகக் குறைந்து, தொடுபரப்பு கூடி, வண்டி மிதப்பதற்கு உதவும். இது வெற்று வண்டிக்கு, நடை வேகத்திற்கு மட்டும். பாரத்துடனோ வேகமாகவோ சென்றால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கக்கூடும்.

நீர் தேங்கிய நெடுஞ்சாலையில் இதற்கு நேர்மாறான நிலை. குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் டயர் நீரை வெளியேற்ற இயலாமல் நீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1960களில் வானூர்தி டயர்களைக் கொண்டு கண்டறிந்த சூத்திரத்தின்படி, இவ்வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ. எனில் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர், 20 பி.எஸ்.ஐ. எனில் சுமார் 75 கிலோமீட்டர். சுமையில்லாத சரக்குந்தின் டயர் தரையைத் தொடும் பரப்பு குறுகலாக இருப்பதால், மிதத்தல் இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கலாம். எனவே சேற்றில் இறக்கிய காற்றை, நெடுஞ்சாலைக்குத் திரும்பும் முன் நிரப்பியாக வேண்டும். மழைக்காலம் முழுவதும் காற்றைக் குறைத்தே ஓட்டும் வழக்கம் தவறானது.

பின் அச்சின் மேல் எடை

மணல் மூட்டை வைக்கும் பழக்கம் வட அமெரிக்காவின் பனிப் பகுதிகளில் நெடுங்காலமாக உள்ளது. இங்கும் அது பயன்படும்; செலவு மிகக் குறைவு. மூட்டைகளைப் பின் அச்சிற்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் வைத்துக் கட்ட வேண்டும். தொட்டியின் கடைசி முனையில் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கு காட்டும். அச்சுகளுக்கு இடையே 2.1 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிற்கு 0.6 மீட்டர் பின்னால் 150 கிலோ வைத்தால், பின் அச்சின் எடை 193 கிலோ கூடும். முன் அச்சில் 43 கிலோ குறையும். நெம்புகோல் விதியே இதற்குக் காரணம். இழுவைக்கு இது இலாபம் போலத் தோன்றும். ஆனால் வண்டியைத் திருப்புவதும், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைச் செய்வதும் முன் சக்கரங்கள்தாம். அவற்றின் எடையைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது நல்ல பேரம் ஆகாது.

மூட்டைகளைக் கயிற்றாலோ வலையாலோ இறுகக் கட்டாவிட்டால், திடீரென நிறுத்தும்போது அவை ஓட்டுநர் அறையின் பின்சுவரில் மோதும். நீர் நிரப்பிய பீப்பாய் தளும்பி வண்டியை அலைக்கழிக்கும் என்பதால் ஏற்றதன்று. மணலுக்கு மற்றொரு நன்மையும் உண்டு: சிக்கிக்கொண்ட இடத்தில் மூட்டையைப் பிரித்துச் சக்கரத்தின் முன் தூவலாம்.

எடை கூடினால் வண்டி விரைவாக நிற்கும் என்று நம்புவோர் பலர். சக்கரங்களின் பிடிப்பே எல்லையாக இருக்கும்போது, நிற்கும் தொலைவு எடையைச் சார்ந்ததன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால், கெழு 0.7 உள்ள உலர் சாலையில் 14 மீட்டரும், 0.4 உள்ள ஈரச் சாலையில் 25 மீட்டரும், 0.2 உள்ள சேற்றுப் படலத்தில் 49 மீட்டரும் தேவை. ஓட்டுநர் எதிர்வினை காட்டும் நேரம் இதில் சேரவில்லை. மூட்டை வைத்த பின் வண்டி எளிதாகக் கிளம்புவதைக் கண்டு வேகத்தைக் கூட்டும் ஓட்டுநர், கிளம்பும் பிடிப்பையும் நிறுத்தும் பிடிப்பையும் ஒன்றெனக் கொள்கிறார். பெரும் விபத்துகள் இங்கிருந்தே பிறக்கின்றன.

கூடுதல் பாரத்திற்காகக் கமான் பட்டைகளைச் சேர்க்கும் வழக்கம் பற்றியும் கூற வேண்டும். பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் ஓர் அடைப்பிதழ் சில வண்டிகளில் உள்ளது. பின் அச்சு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அது சுமையை அறிகிறது. பட்டையைச் சேர்த்தால் பாரத்திலும் வண்டி தாழாது. அடைப்பிதழ் அதனை வெற்று வண்டி எனக் கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

டிஃபரன்ஷியலும் கைப்பிரேக்கும்

வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்லிணை அமைப்பே டிஃபரன்ஷியல். எளிய வகை டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் 20 கிலோ விசை மட்டுமே தாங்கினால், கெட்டித் தரையில் உள்ள மற்றதற்கும் 20 கிலோவே கிடைக்கும். ஒரு சக்கரம் சுழல, மற்றது அசையாமல் நிற்கும் காட்சிக்கு இதுவே காரணம்.

இந்நிலையில் கைப்பிரேக்கைச் சிறிது இழுத்தால் ஆற்றல் மறு சக்கரத்திற்குச் செல்லும் என்று கூறுவர். டிராக்டரில் இது உண்மை. அங்கு இடப்புறத்திற்கும் வலப்புறத்திற்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உள்ளன. சரக்குந்தின் கைப்பிரேக்கோ இரு பின் சக்கரங்களையும் ஒருசேரப் பிடிக்கிறது. சுழலும் சக்கரத்தில் 60 கிலோ தடை ஏற்பட்டால் இருபுறமும் முறுக்குவிசை உயரும். ஆனால் நிற்கும் சக்கரத்தில் உள்ள 60 கிலோ தடை அதை விழுங்கிவிடும். இருபுறப் பிரேக்கும் சமமாக இருக்கும் வண்டியில் இறுதிப் பயன் சுழியம். சுழலும் சக்கரத்தின் வேகம் தணிவதால் சில வேளை சிறு பயன் கிட்டலாம்; அதை முடுக்கியைத் தளர்த்தியும் பெறலாம். புதிய ஊர்திகளின் மின்னணு இழுவைக் கட்டுப்பாடு, சுழலும் சக்கரத்தை மட்டும் பிடிப்பதால்தான் பயன்படுகிறது.

பனிப் பகுதிகளில்

குளிர்கால டயர்களின் இரப்பர், ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழும் இறுகாமல் இருக்கும்படி கலக்கப்படுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் திசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவ்வகை டயர்கள் கட்டாயம். தமிழர் பெருமளவில் வாழும் ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. மாட்டியவர்களுக்கு 2016 முதல் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. சனவரியிலும் இரவு வெப்பநிலை சராசரியாக 20 பாகைக்கு மேல் இருக்கும் சென்னையில் இந்த டயர்கள் விரைவாகத் தேயுமேயன்றிப் பயன் தரா. இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு வடக்கே, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கச்சாலைப் பகுதியில், பனி பெய்யும் நாட்களில் நான்கு சக்கர இயக்க ஊர்திகளையும் சங்கிலி பூட்டியவற்றையும் மட்டுமே காவல் துறையினர் அனுமதிப்பது வழக்கம். பின்சக்கர இயக்கச் சரக்குந்தில் சங்கிலி பின் சக்கரங்களில் பூட்டப்படும்.

ஓட்டும் முறை

வழுக்கும் தரையில் இரண்டாம் கியரில், கிளட்சை மெல்ல விட்டுக் கிளம்புவது நல்லது. முதல் கியரின் மிகுந்த முறுக்குவிசை சக்கரத்தை எளிதில் சுழலச் செய்யும். நீர் தேங்கிய இடத்தில் வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு, உள்ளே பிரேக்கையும் திருப்பத்தையும் தவிர்க்க வேண்டும்.

பின்சக்கர வண்டிக்கே உரிய ஆபத்து, திடீரெனக் கியரைக் குறைப்பது. பொறியின் தடை பின் சக்கரங்களில் மட்டும் விழுவதால், வெற்று வண்டியில் அவை பூட்டிக்கொண்டு பின்பகுதி பக்கவாட்டில் வீசப்படும். குன்னூர்–மேட்டுப்பாளையம் போன்ற மலைச்சாலைகளில் இறங்கும்போது குறைந்த கியர் இன்றியமையாதது. அந்தக் கியரை வளைவின் நடுவில் மாற்றாமல், இறக்கம் தொடங்கும் முன்னரே போட்டுவிட வேண்டும்.

சேற்றில் சிக்கினால்

சக்கரம் சுழலத் தொடங்கியதும் முடுக்கியை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கி, பின் அச்சின் நடுப்பகுதியைத் தரையில் உட்கார வைத்துவிடும். அதன் பிறகு ஆளைக் கொண்டு தள்ளி எடுப்பது அரிது. முன் சக்கரங்களை நேராக்கி, பின் சக்கரங்களின் முன்னும் பின்னும் உள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றி, சாக்கு, தென்னை மட்டை, பலகை, உடைந்த செங்கல் ஆகியவற்றுள் கிடைப்பதை இட வேண்டும். பின்னர் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி வெளியேற்றலாம். டயரைச் சுற்றித் தாம்புக் கயிறு கட்டுவது சங்கிலிக்கு மாற்றாக உதவும். கயிறு பிரேக் குழாயில் உரசாதபடி பார்த்து, சில மீட்டர்கள் நகர்ந்து கெட்டித் தரையை அடைந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

தள்ளுவோர் சக்கரத்திற்கு நேர் பின்னால் நிற்றல் கூடாது. அடியில் இட்ட பலகையோ கல்லோ பின்னோக்கித் தெறிக்கும். வேறு வண்டியால் இழுக்கும்போது, கயிறு அறுந்தால் அது திரும்பி வரும் தொலைவிற்கு அப்பால் அனைவரும் விலகி நிற்க வேண்டும். கயிற்றை மோதுதாங்கியில் கட்டாமல் அடிச்சட்டத்தின் கொக்கியில் கட்டுதல் வேண்டும்.